சிவகாசிக் கட்டங்களும் கிள்ளான் முத்திரைகளும்

(சாலாக் செலாத்தானில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் திருக்குறள் பேசியிருக்கிறார்கள், பெரியபுராணம் பேசியிருக்கிறார்கள், தோட்டப்புறப் பாடல்களும் பேசியிருக்கிறார்கள். படக்கதைப் புத்தகம் பேசப்படுவது இதுதான் முதல் தடவை என்று செயலாளர் சொன்னார். சொன்ன குரலில் கொஞ்சம் கவலை தெரிந்தது. அவரை மேலும் கவலைப்பட வைக்கிறேன்: அர்ஜென்டினாவிலிருந்து தொடங்குகிறேன்.

1957 செப்டம்பர் 4. போனஸ் அயர்ஸ் நகரத்துப் பத்திரிகைக் கடைகளில் ‘ஓரா செரோ’ என்ற படக்கதை இதழின் வார இணைப்பு முதன்முதலாக வருகிறது. அகலவாக்கில் அச்சான, மலிவுத் தாள் இதழ். எக்டர் ஹெர்மான் ஓஸ்டெர்ஹெல்ட் என்ற எழுத்தாளர் தம் சகோதரரோடு சேர்ந்து நடத்திய பதிப்பகம் அது. அந்த முதல் இதழில் ‘எல் எட்டர்னாட்டா’ என்ற தொடர் ஆரம்பிக்கிறது. ஊர்மேல் ஒரு பனி விழும். பட்டவர் எல்லாம் சாவார்கள். கதை நியூயார்க்கில் நடக்கவில்லை, லண்டனில் நடக்கவில்லை. வாசகன் தினமும் பேருந்து ஏறும் அதே தெருக்களில் நடக்கிறது. வரைந்தவர் பிரான்சிஸ்கோ சோலானோ லோப்பஸ். 1959 வரை வாரம் ஒரு தவணையாக ஓடியது. 1977இல் ராணுவ ஆட்சி ஓஸ்டெர்ஹெல்டைக் கடத்திக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. அவருடைய நான்கு மகள்களும் அதே ஆட்சியில் காணாமல் போனார்கள். இன்று அர்ஜென்டினாவில் செப்டம்பர் 4 படக்கதை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2025இல் அந்தக் கதை நெட்பிளிக்ஸில் தொடராக வந்தது, உங்களில் சிலர்கூடப் பார்த்திருப்பீர்கள்.

கதை எத்தனையோ முறை புத்தகமாக மறுபதிப்பு கண்டுவிட்டது. நல்ல தாளில், கெட்டி அட்டையில், முன்னுரையோடு கிடைக்கிறது. அப்படியிருந்தும் சேகரிப்பவர் அந்தப் பழுப்பேறிய வார இதழைத்தான் தேடுகிறார். ஏன்? புத்தகத்தில் கதை மட்டும் இருக்கிறது. இதழில் அந்த வாரம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஓடிய வேறு தொடர், ஆசிரியர் வாசகரிடம் பேசிய நாலு வரி, விளம்பரம், விலை, ‘அடுத்த வாரம் பாருங்கள்’ என்று தொங்கவிட்ட கடைசிக் கட்டம். இன்று நான் சொல்ல வந்ததற்கு இந்த இதழ் ஒரு வாசற்படி. வீடு நம்முடையது.

அந்த வாசற்படியும் நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. சோலானோ லோப்பஸ் 1960களில் லண்டன் பிளீட்வே நிறுவனத்துக்கு வரைந்தவர். ‘வேலியண்ட்’ என்ற ஆங்கில வார இதழில் வந்த ‘கெல்லிஸ் ஐ’ தொடர் அவர் கைவண்ணம். அதே ‘வேலியண்ட்’ 1962 அக்டோபரில் முதல் இதழிலேயே இன்னொரு தொடரைத் தொடங்கியிருந்தது. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன்; வலக்கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவன்; மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் முகத்தில் சிரிப்பு வருவது எனக்குத் தெரிகிறது. ஆமாம், லூயிஸ் கிராண்டேல். நம்முடைய இரும்புக்கை மாயாவி. வரைந்தவர் பார்சலோனாக்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ.

இன்னொரு கையும் உண்டு. ஹொசே லூயிஸ் சாலினாஸ் என்ற அர்ஜென்டினாக்காரர், 1936இல் தொடங்கிய ‘பத்தொருசு’ இதழில் கடற்கொள்ளையன் கதை வரைந்து பேர் வாங்கியவர். பிறகு 1951 முதல் 1968 வரை அமெரிக்க கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்காக ‘சிஸ்கோ கிட்’ தினசரித் தொடரை வரைந்தார். அந்த சிஸ்கோ கிட் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசினான். குதிரையின் திமிறலையும் புழுதியையும் சாலினாஸ் மாதிரி வரைந்தவர்கள் குறைவு. போனஸ் அயர்ஸில் பழகிய தூரிகை, நியூயார்க் வழியாகச் சிவகாசி வந்து, அங்கிருந்து கப்பலேறி, நம் ஊர்ப் பையன் கையில் சேர்ந்தது. படம் வரைந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று அந்தப் பையனுக்கும் தெரியாது, புத்தகம் விற்ற கடைக்காரருக்கும் தெரியாது.

சிவகாசிக்கு வருவோம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாள்காட்டிக்கும் பெயர்போன ஊர். அச்சகம் இருக்கிறது, மலிவாக அடிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். 1972 ஜனவரியில் எம். சௌந்தரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. ஆரம்ப காலத்தில் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். சிறுவர் இதழியலில் அவருக்குரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை என்பது என் கருத்து. ஆங்கில வார இதழ்களில் பெரிய பக்கத்தில் நெருக்கியடித்த கட்டங்கள்; வாரத்துக்கு இரண்டு பக்கம். அதை வெட்டி, ஒட்டி, சட்டைப்பை அளவுப் புத்தகமாக்கி, ஒரே மூச்சில் முழுக்கதையாகக் கொடுத்தார்கள். லண்டன் பையன் மாதக்கணக்கில் காத்திருந்து படித்ததை நம் பையன் ஒரு மத்தியானத்தில் முடித்தான். ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’ என்று தலைப்புகளைச் சொன்னாலே போதும், சிலருக்கு அச்சு மையின் வாசனை வந்துவிடும்.

1984 ஜூலை தமிழ்ப் படக்கதைக்கு ஒரு வினோதமான மாதம். சௌந்தரபாண்டியன் அவர்களின் மகன் எஸ். விஜயன், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, பதினேழு வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே மாதம் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைக் கொண்டுவந்தது. ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’, விலை ரூ.1.50. ராணிக்கு தினத்தந்தியின் விநியோக வலை கை கொடுத்தது, பெட்டிக்கடை வரை போனது. 2005இல் நின்றபோது 500 இதழ்களை எட்டியிருந்தது. லயனுக்கு அந்த வலை இல்லை. அது வாசகனோடு பேசிப் பேசியே வளர்ந்தது. ஆசிரியர் பக்கத்தில் விஜயன் தன் திட்டங்களைச் சொல்வார், தாமதத்துக்குக் காரணம் சொல்வார், வந்த திட்டுக்கடிதத்தையும் போடுவார். இன்று சேகரிப்பவர்களைக் கேட்டால், லயனில் வந்த ஸ்பைடரையும் ஆர்ச்சியையும் விட அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவதாகச் சொல்கிறார்கள். இடையே ஒரு சிறு செய்தி: ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அதுவும் அன்று நம் யாருக்கும் தெரியாது. ராணி காமிக்ஸ் தன் முகமூடி வீரருக்கும் மாயாவி என்றே பேர் வைத்ததால், எந்த மாயாவி பெரியவர் என்ற சண்டை தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தது. அந்தச் சண்டைக்கு இந்த மேடையில் தீர்ப்பு எதிர்பார்க்காதீர்கள்.

இந்தப் புத்தகங்கள் மலேசியாவுக்கு எப்படி வந்தன? தமிழ்நாட்டிலிருந்து வார இதழ்களும் மாத நாவல்களும் வந்த அதே கட்டில் வந்தன. ‘ரஜூலா’ கப்பல் 1970களின் தொடக்கம் வரை மதராசுக்கும் பினாங்குக்கும் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. பிறகு ‘சிதம்பரம்’ ஓடியது. 1980களின் நடுவில் தீவிபத்தோடு அதுவும் நின்றது. முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1972இல்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் என்று பேர் மாறியது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே ஒரு பத்திரிகைக் கடை இருக்கும். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். சிவகாசியில் ரூபாயில் அச்சடித்த விலைக்கு மேல் இங்கே கடைக்காரர் பேனாவால் வெள்ளிக் கணக்கு எழுதுவார். இதழ் எண் வரிசை எல்லாம் பார்க்க முடியாது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது, பிறகு மூன்று சேர்ந்தாற்போல் வரும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் சம்பளத்துக்கு மறுநாள் பட்டணம் போன அப்பாவின் மனநிலையைப் பொறுத்தது.

அதனால்தான் மலேசியச் சேகரிப்பாளரின் பாடு தமிழ்நாட்டுச் சேகரிப்பாளரின் பாட்டைவிடக் கடினம். அங்கே மதுரையிலோ சென்னை மூர்மார்க்கெட் பக்கமோ பழைய புத்தகக் கடையில் செட்டாகச் சிக்கும். இங்கே வந்ததே குறைவு. வந்ததில் மிஞ்சியது அதிலும் குறைவு. நம் காற்றில் இருக்கும் ஈரப்பதம் ஒன்று போதும். மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்து அமிலமாகி, தாளை உள்ளிருந்தே தின்னும். நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளைச் செம்பழுப்பாக்கும். சில வருடத்தில் நடுப்பக்கம் தானே கழன்று வரும். மிச்சத்தை ராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். பெட்டிக்குள் பாச்சா உருண்டை போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாச்சா உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை அல்ல.

மலாய் நண்பர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னே போய்விட்டார்கள். 1978இல் வந்த ‘கீலா-கீலா’ நகைச்சுவை இதழின் பழைய பிரதிகளுக்கு இன்று நல்ல மதிப்பு. லாட்டின் ‘கம்போங் பாய்’ முதல் பதிப்பை வைத்திருப்பவர் அதை எல்லாருக்கும் காட்டுவதில்லை. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் இவற்றுக்கென்றே ஆட்கள் வருவார்கள். அங்கே தமிழ்ப் படக்கதை எப்போதாவது தலைகாட்டும், பழைய இசைத்தட்டுகளுக்கு அடியில், கட்டுக் கட்டாக. விற்பவருக்குத் தமிழ் தெரியாது, எது அரிது எது மலிவு என்றும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது விலைக்கும் மதிப்புக்கும் வருகிறேன். அமெரிக்காவில் இந்தச் சேகரிப்பு ஒரு தொழில். இதழை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுத் தருவார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறந்து படிக்க முடியாது. 1938இல் சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதி ஒன்று, 8.5 மதிப்பெண்ணோடு, 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் சந்தையில் பேனாக்கோடு ஒரு குறை, பெயர் எழுதியிருந்தால் பெரிய குறை, கடை முத்திரை இருந்தால் மதிப்பெண் இறங்கும். நம் இளைஞர்கள் சிலரும் அந்தப் பாடத்தை அப்படியே படித்துக்கொண்டு ‘மின்ட் கண்டிஷன்’ தேடுகிறார்கள்.

எனக்கு இதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்த உரையில் நான் வற்புறுத்த வந்ததே இதுதான்: நம் நாட்டில் கிடைக்கும் தமிழ்ப் படக்கதைப் பிரதியில் அழுக்குதான் மதிப்பு.

என்னிடம் உள்ள ஒரு ராணி காமிக்ஸைச் சொல்கிறேன். அட்டையின் கீழ் மூலை மடங்கி உடைந்திருக்கிறது. முதல் பக்கத்தில் ஊதா மையில் நீள்வட்ட ரப்பர் முத்திரை. கடைப்பெயர் பாதி அழிந்து ‘கிள்ளான்’ மட்டும் தெளிவாக இருக்கிறது. விலைக்கு மேல் நீல பால்பாயிண்டில் காசுக் கணக்கு. உள்ளே பென்சிலில் ஒரு பையன் பெயர், அதற்குக் கீழே ‘ஐந்தாம் ஆண்டு’, அதற்குக் கீழே பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். பையன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர் இன்று ஒரு தாத்தாவாக இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் வேறு கையெழுத்தில், அழுத்தி எழுதிய ஒரு சொல்: ‘கொடுத்துடு’. அதற்கும் கீழே மூன்றாவது கையெழுத்தில் இன்னொரு பெயர். ஆக, கடையிலிருந்து இந்த ஒரு புத்தகம் குறைந்தது மூன்று பேரைக் கடந்திருக்கிறது. எண்ணெய்க் கறை ஒன்று இருக்கிறது, வட்டமாக. வடையா பஜ்ஜியா என்று வேதியியல் பிரிவு நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க மதிப்பெண்காரர் இதைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயம் இல்லை, பால்கொட்டகை இல்லை. அந்த லயத்தில் தமிழ் படித்த பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன படித்தார்கள் என்று ஒரு ஆய்வாளர் கேட்டால் எந்த ஆவணத்தைக் காட்டுவோம்? கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் பேர் இருக்கும், கூலி இருக்கும். படித்தது இருக்காது. இந்தப் பென்சில் எழுத்தில் இருக்கிறது. கசங்காத பிரதி யார் கைக்கும் போகாத பிரதி. அதிலிருந்து சிவகாசியைப் பற்றி வேண்டுமானால் தெரிந்துகொள்ளலாம், நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கதை வேண்டும் என்பவருக்கு இன்று குறையே இல்லை. 2012 ஜனவரியில் நூறு ரூபாய் விலையில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்ததிலிருந்து சிவகாசியில் மறுபடி அச்சு எந்திரம் சுழல்கிறது. வழுவழுத் தாள், முழு வண்ணம், மறுபதிப்பு எல்லாம் உண்டு. அதற்கு முன்பே 2010இல் ‘இரத்தப் படலம்’ தொடர்கதையின் பதினெட்டுப் பாகங்களையும் ஒரே குண்டுப் புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 2018இல் அதே கதை வண்ணத்திலும் வந்தது. அதன் பிறகாவது கறுப்பு வெள்ளைக்கு ஆசை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. அந்தக் குண்டுப் புத்தகத்தைத் தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நூலகங்கள் என்ன செய்கின்றன என்று கேட்பீர்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, சட்டத்தின் அமைப்பே அப்படி. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி மலேசியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். சிவகாசியில் அச்சாகி இங்கே விற்றது அந்தக் கணக்கில் வராது. இந்தியாவிலோ 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அப்படியே ஒரு பிரதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், அதில் கிள்ளான் முத்திரை இருக்காது. பந்திங் பையனின் பென்சில் இருக்காது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் விழுந்த பிள்ளை இது. தூக்கியெடுத்தவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டுமே.

சேகரிப்பாளர் ஒருவரின் பித்து நூலகமாக மாறும் என்பதற்குத் தமிழிலேயே பெரிய சாட்சி உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்கலாம். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர் யாரும் இன்று அதன் படியேறாமல் இருப்பதில்லை. போனஸ் அயர்ஸ் தேசிய நூலகத்திலும் படக்கதைக்கும் கேலிச்சித்திரத்துக்கும் தனி ஆவணப் பிரிவு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து இருக்கிறது. அங்கே ஒரு அலமாரி, ஒரே ஒரு குளிரூட்டிய அலமாரி, இதற்கென ஒதுக்கினால் போதும் என்பது என் ஆசை. ஆசைக்குக் கட்டணம் இல்லை.

சேகரிப்பாளர்களைப் புகழ்ந்தே முடித்துவிட்டால் அவர்களே நம்ப மாட்டார்கள். நம்மில் ஒரு சிலரின் வழக்கம் தாளுக்குப் பகை. பத்து இதழைச் சேர்த்து பைண்டிங் போடக் கொடுக்கிறோம். பைண்டர் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுகிறார். ஓரத்தில் எழுதிய பெயர் குப்பைக்குப் போகிறது. அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் பைண்டிங் என்றே ஒரு காலம் இருந்தது. இன்னும் சிலர் கிழிசலில் செலோடேப் ஒட்டுகிறார்கள். அந்தப் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரியும். லேமினேட் செய்தால் பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. இவற்றைவிடப் பெரிய குறை பூட்டிவைப்பது. என் செட்டில் எந்த எண் இருக்கிறது என்று வெளியே சொன்னால் விலை இறங்கிவிடும் என்ற பயம். ஒருவர் காலமானதும் வீட்டார் பழைய பேப்பர் லாரிக்காரரைக் கூப்பிடுகிறார்கள். பாதுகாத்ததெல்லாம் கிலோ கணக்கில் போகிறது.

அதனால் இன்று வந்தவர்களிடம் ஒரு வேலை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ அப்பாவின் டிரங்குப் பெட்டியிலோ முத்து, லயன், ராணி, திகில், எதுவானாலும் கிடந்தால், முதலில் துடைக்காதீர்கள். துருப்பிடித்த கம்பியை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்து விடுங்கள். அமிலம் இல்லாத தாளுறையில் போட்டு, படுக்கவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: இதழ் பெயர், எண், கடை முத்திரை இருந்தால் எந்த ஊர், கையால் எழுதிய விலை எவ்வளவு, உள்ளே பெயரோ பள்ளியோ தோட்டமோ இருந்தால் அது. கைப்பேசியில் அட்டையையும் முத்திரைப் பக்கத்தையும் படம் எடுத்தால் போதும். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், பதிப்பாளர் இன்னும் சிவகாசியில் கடை நடத்திக்கொண்டிருக்கிறார். விற்கிறீர்களா, வைத்துக்கொள்கிறீர்களா என்பது உங்கள் விருப்பம். அந்த நோட்டின் நகலை மட்டும் இந்த அரங்கத்தின் செயலாளரிடம் கொடுங்கள். பந்திங், காப்பார், பூச்சோங், செப்பாங் என்று ஊர்வாரியாக அடுக்கிப் பார்க்க ஆள் இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மாயாவிகள் இருவரில் யார் பெரியவர் என்பதைத் தவிர.